அஜந்தா வீட்டு மாடிப்படி

அன்று காலை அந்த வீட்டு வளவில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சர்மிலாவுக்குக் கேட்டுவிடும் என்பது போல.

சர்மிலா, அஜந்தாவின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பல்கலைக்கழக மாணவி. போன கிழமை மின்சாரம் போன ஒரு பொழுதில் வெளிப்படியால் இறங்கும்போது கால் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அந்தப் படிக்குக் கைப்பிடி இல்லை. ஊருக்குச் சொன்ன கதை வேறு. குளிக்கும் இடத்தில் சறுக்கி விழுந்தாள் என்றார்கள்.

அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் சர்மிலாதான். அவளை மன்னாரில் இருந்து கொண்டுவந்து விட்ட அன்று, அவளுடைய அப்பா அந்தப் படியை அண்ணாந்து பார்த்தார். "இதுக்கு ஒரு பிடி போடாட்டி நான் பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அஜந்தா தொலைபேசியில் "போட்டாச்சு அண்ணன்" என்றாள். போடவில்லை. உண்மை தெரிந்தால் அப்பா படிப்பையே நிறுத்திவிடுவார் என்று சர்மிலா அம்புலன்ஸில் கிடந்து அழுதாள். அஜந்தாவும் அவளுடைய அக்கா யசோதினியும் தலையாட்டினார்கள். யசோதினியின் கணவன் விஜிதரனும் தலையாட்டினான்.

விஜிதரன் தலையாட்டியதுதான் சிக்கல். அவன் மேயர் வேட்பாளர்.

பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிப்பிப்பவன். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, தேநீர்க் கேத்தில் சின்னத்தில், சுயேச்சைக் குழுவொன்றின் முதல் ஆளாக நிற்கிறான். மாணவர்கள் தங்கும் அறைகளுக்கு மாநகரசபை பொறுப்பேற்க வேண்டும் என்பது அவன் போகும் இடமெல்லாம் முதலில் சொல்லும் வாக்குறுதி.

இன்று மாணவர் ஒன்றியம் அவனையும், அவனை எதிர்த்து நிற்கும் யோகராசாவையும் ஒரே மேடைக்கு அழைத்திருந்தது.

யசோதினி அவனுடைய வெள்ளைச் சேட்டை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். தான் படிப்பிக்கும் பாடசாலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

"இண்டைக்கு என்ன கதைக்கப் போறீங்க?"

"பல்கலைக்கழக நகரத்தைப் பத்தி."

"அது தெரியும். ரூமுகளைப் பத்தி?"

"கேட்டா சொல்லத்தானே வேணும், யசோ."

"பொதுவாச் சொல்லுங்க. இஞ்ச உள்ள படியைப் பத்தி ஒண்டும் வேணாம்."

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். கோடைக் கச்சான் காற்று வளவு மணலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் இல்லை. யசோதினியின் அம்மா இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் இரண்டு வீடு கொடுத்திருந்தார். மூத்தவளுக்கு ஓடு போட்டு முடித்த வீடு. இளையவளின் முறை வந்தபோது சுவர்தான் எழும்பியிருந்தது. மீதியை அஜந்தா தானே கட்டினாள். அதற்கு மேல் மாடியும் கட்டினாள். மாடிக்குச் சபையின் அனுமதி எடுக்கவில்லை. கைப்பிடி போட ஆள் வந்தால் கேள்வியும் வரும் என்று அதைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

அஜந்தா ஒரு மூடிப் பாத்திரத்தோடு வந்தாள்.

"அத்தான், கேத்தில் கொதிச்சிட்டா?"

"இன்னும் சூடேறல்ல" என்றான் விஜிதரன்.

"சூடேறினா எங்கட தலையில ஊத்திராதீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாத்திரத்தை யசோதினியிடம் நீட்டினாள். "அக்கா, இதைச் சர்மிலாக்குக் குடு. கோழிச் சூப். நான் போனா அந்தப் புள்ளைக்கு அழுகை வருது. எனக்கும் வருது."

"ஓம், குடு. நான் போறன்தானே."

அஜந்தா போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "அத்தான், ஒண்டு கேக்கட்டா? கோவிக்காதீங்க. என்ட மனிசன் பாசிக்குடா ஹோட்டலுக்கு வேலைக்குப் போய் அங்கயே ஒருத்தியோட இருந்திட்டார். அது ஊருக்கே தெரியும். நான் ஆரிட்டயும் கையேந்தல்ல. மேல ஆறு புள்ளையள் இரிக்கிறதாலதான் கீழ அடுப்பு எரியுது. உங்களுக்கு விளங்கும்தானே?"

"விளங்குது அஜந்தா."

"தேர்தல் முடியட்டும். கைப்பிடி போடுவன். மறுகா நீங்க மேயரா வந்து திறந்து வையுங்க."

யசோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அந்தச் சிரிப்போடு அஜந்தா கேட்டாள்:

"சொல்ல மாட்டீங்கதானே?"

"சொல்ல மாட்டன்" என்றான்.

* * *

பிறின்ஸ் மோட்டார் சைக்கிளோடு வந்தான். முன்னாள் மாணவன். பட்டினத்தில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். விஜிதரனின் பிரசாரத்துக்கு வண்டி, சாரதி, ஒலிபெருக்கி எல்லாம் அவன்தான்.

கல்லடிப் பாலத்தில் காற்று சேட்டை ஊதிப் பெருப்பித்தது. கீழே வாவி வற்றி, சேறு தெரிந்தது. ஒரு தோணி நகராமல் நின்றது.

"சேர், சந்தையில ஒரு ஆச்சி கேக்கிறா, கேத்திலுக்குப் போட்டா தேத்தண்ணியாவது குடுப்பீங்களா எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"சீனி நீங்க கொண்டு வரணும் எண்டன்."

விஜிதரன் சிரிக்கவில்லை. பிறின்ஸ் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பின்சுவரில் சாய்ந்தும் யன்னல் விளிம்பில் ஏறியும் மாணவர்கள். பலர் கையில் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். நேரலை. மூன்றாவது வரிசையில் அஜந்தா வீட்டு மேல்மாடிப் பிள்ளைகள் ஐவரும் நெருங்கி உட்கார்ந்திருந்ததை விஜிதரன் கண்டான். சர்மிலாவுக்கு என்று பிடித்து வைத்தது போல அவர்கள் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. யாரோ வந்து அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதலில் விஜிதரன் பேசினான்.

"எங்கட பட்டினம் ஒரு பல்கலைக்கழக நகரம் எண்டு சொல்றம். எனக்கு அது இன்னும் ரெண்டு ஊராத்தான் தெரியுது. ஒரு ஊர் காலையில பஸ்ஸில ஏறிப் போகுது. மற்ற ஊர் அந்த பஸ் போறதைப் பார்த்துக்கொண்டு நிக்குது."

மண்டபம் அமைதியானது. அவனுக்கு இந்த அமைதி பிடிக்கும். விரிவுரை மண்டபத்தில் பல வருடம் இதற்காகத்தான் காத்திருந்தான்.

நூலகம் மூடிய பிறகும் ஒரு பஸ் ஓட வேண்டும் என்றான். சனி ஞாயிறில் பட்டினத்துப் பாடசாலைப் பிள்ளைகள் அந்த நூலகத்தில் உட்கார வேண்டும் என்றான். வாவித் தண்ணீரை ஆய்வுகூடத்தில் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை என்ன சொல்கிறது என்று வலை வீசுகிறவனுக்குச் சொல்ல கரையில் ஒரு பலகை வேண்டும் என்றான். "நாலு வருசம் இஞ்ச சோறு திண்டு, இஞ்ச காய்ச்சல் வந்து, இஞ்ச சண்டை பிடிச்சுச் சமாதானமாகிற ஆள் விருந்தாளி இல்ல. அவர் இஞ்சத்த ஆள். அவரைக் கணக்கில எடுக்காத மேயர் பாதிப் பட்டினத்துக்குத்தான் மேயர்."

கைதட்டலில் ஒலிவாங்கி கீச்சிட்டது.

யோகராசா எழுந்தார். லொறி ஓட்டத் தொடங்கி இன்று பல லொறிகளுக்குச் சொந்தக்காரர். ஒலிவாங்கியைக் கையில் எடுக்காமல் பேசினார். அவருக்கு அது தேவைப்படவில்லை.

"தம்பி அழகாக் கதைச்சார். எனக்கு அப்பிடிக் கதைக்க வராது. நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். நாவற்குடாவில, கல்லடியில உங்களுக்கு ரூம் தாறது ஆர்? எங்கட பொம்பிளையள். மனிசன் வெளிநாட்டில இரிக்கிற வீடு. மனிசன் செத்த வீடு. விட்டிட்டுப் போன வீடு. தாய் குடுத்த வீட்டில ரெண்டு ரூமைக் கூடக் கட்டி, அதில தன்ட புள்ளையைப் படிப்பிக்கிறாள். அவளுக்கு, உன்ட கதவைப் பூட்டு எண்டு கடுதாசி அனுப்ப என்ட கை எழுதாது. அவ்வளவுதான்."

உட்கார்ந்தார்.

விஜிதரன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் மூடினான். யோகராசா பொய் சொல்லவில்லை. அவர் வர்ணித்தது அஜந்தாவை.

கேள்வி நேரம். றிஸான் என்ற இரண்டாம் வருட மாணவன் எழுந்தான். புத்தளத்துப் பையன். பின்வரிசையில் இருந்த அவனிடம் ஒலிவாங்கி போக நேரம் எடுத்தது.

"சேர், ரெண்டு பேரிட்டயும்தான் கேக்கிறேன். எங்கட ரூம்ல நாலு பேர். பூட்டில்லாத கதவு. யாரிட்ட போய்ச் சொல்ற? நீங்க மேயரா வந்தா யாராவது வந்து பாப்பாங்களா? உங்கட சொந்தக்காரங்க வீடா இருந்தாலும் பாப்பாங்களா?"

அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பொதுவாகக் கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

யோகராசா கையை விரித்து, முதலில் தம்பி சொல்லட்டும் என்று சைகை காட்டினார்.

விஜிதரன் பொதுவாகச் சொல்லத்தான் வாயெடுத்தான். "எவர் வீடெண்டாலும்..." என்று தொடங்கினான். கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள். அவன் வெட்கப்படப் போகிறான் என்று அறிந்து, அதைப் பார்க்காமல் இருக்க விரும்பியவர்கள் போல.

அதை அவனால் தாங்க முடியவில்லை.

"போன கிழமை ஒரு மாணவி விழுந்தா. குளிக்கிற இடத்தில சறுக்கினதெண்டு கேள்விப்பட்டிருப்பீங்க. அது பொய். அவ விழுந்தது கைப்பிடி இல்லாத மாடிப்படியில. அது என்ட மனிசியின்ட தங்கச்சி வீடு. அந்தப் படி என்ட யன்னலுக்கு நேர தெரியும். நான் தினமும் பார்த்திரிக்கன். மேல்மாடிக்கு அனுமதியும் இல்ல. நான் மேயரா வந்தா முதல்ல அந்த வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புவன்."

பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. யன்னலில் இருந்தவர்கள் கம்பியில் தட்டினார்கள்.

யோகராசா இந்த முறை ஒலிவாங்கியை எடுத்தார். மெதுவாகப் பேசினார்.

"தம்பி, சொந்த மச்சாளையே மேடையில கொண்டு வந்து நிப்பாட்டின ஆள் நீங்க. மற்றப் பொம்பிளையளை என்ன செய்வீங்களோ?"

சிலர் சிரித்தார்கள். சிலர் ஊளையிட்டார்கள். மூன்றாவது வரிசைப் பிள்ளைகள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலில் மாணவர்கள் விஜிதரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். படம் எடுத்தார்கள். ஒருவன் தோளில் தூக்கப் பார்த்தான். கூட்டம் கலைந்ததும் பிறின்ஸ் மோட்டார் சைக்கிளை உதைத்தபடி சொன்னான்:

"சேர், இவ்வளவு பேரும் தட்டினாங்க. இதில ஒருத்தனுக்கும் இஞ்ச வோட்டு இல்ல. புத்தளம், வவுனியா, பதுளை, மாத்தறை."

"தெரியும்."

"அங்க போய்த்தான் போடுவானுகள்."

"தெரியும் பிறின்ஸ். உன்ட வோட்டாவது இரிக்கிதே."

பிறின்ஸ் தலையைச் சொறிந்தான். "என்டது வாழைச்சேனையில சேர். இன்னும் மாத்தல்ல."

* * *

ஆஸ்பத்திரியில், பெண்கள் வாட்டின் கடைசிக் கட்டிலில், சர்மிலாவும் யசோதினியும் ஒரே தொலைபேசியில் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்மிலாவால் திரும்ப முடியாது. யசோதினிதான் தொலைபேசியை அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

பஸ் பற்றிச் சொன்னபோது சர்மிலா சிரித்தாள். "சேர் வகுப்பிலயும் இப்பிடித்தான் அன்ரி. நாங்க நோட்ஸ் எடுக்க மறந்திருவம்."

யசோதினிக்குப் பெருமையாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த பெருமை. சூப்பை ஒரு கரண்டி எடுத்து ஊட்டினாள்.

பிறகு றிஸான் கேட்டான். பிறகு விஜிதரன் சொன்னான்.

கரண்டி யசோதினியின் கையில் நின்றது.

திரையில் எல்லோரும் எழுந்து தட்டினார்கள். சின்னத் தொலைபேசியில் அந்தக் கைதட்டல் எண்ணெயில் எதையோ பொரிப்பது போலக் கேட்டது. யசோதினி அதை அணைத்தாள்.

"அன்ரி, சேர் ஏன் சொன்னவர்?"

யசோதினி கரண்டியைச் சூப்புக்குள் வைத்தாள்.

"நான்தானே விழுந்தது? என்னட்டக் கேட்டிருக்கலாமே. ஒருக்கா கேட்டிருக்கலாமே."

"அப்பா பார்த்திரிக்க மாட்டார் புள்ள. அவருக்கு வலையும் கடலும்தானே. நேரலை எல்லாம் பார்ப்பாரா?"

"தம்பி பாப்பான். அவனுக்கு இதுதான் வேலை."

இருவரும் கட்டில் தலைமாட்டில் கிடந்த சர்மிலாவின் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை நீட்டினாள். யசோதினி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது.

சர்மிலா எடுத்தாள். "ஓம் அப்பா" என்றாள். "ஓம்" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே கிடந்தாள். அந்தப் பக்கத்தில் கத்தல் இல்லை. யசோதினிக்கு அதுதான் பயத்தைத் தந்தது. ஒரு மனிதர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எதையோ சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"என்ன சொல்றார்?"

"வெளிக்கிட்டிட்டாராம்." சர்மிலா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "வான் பிடிச்சு என்னைப் படுத்தபடியே கொண்டு போகப் போறாராம். புத்தகமெல்லாம் கட்டி வைக்கச் சொல்றார்."

"சுகமானதும் திரும்பி வரலாம்தானே."

"அன்ரி, என்ட அப்பாவை உங்களுக்குத் தெரியாது. அவர் கோவப்பட்டா ஆறிருவார். இண்டைக்கு அவர் கோவப்படல்ல."

யசோதினி சூப்பை மூடினாள். பாதிக்கு மேல் இருந்தது.

* * *

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஒழுங்கை முனையிலேயே விஜிதரன் கண்டுவிட்டான். அவர்களுடைய படலைக்கு வெளியே பைகள், பெட்டிகள், சுருட்டிய பாய்கள், ஒரு மேசை விசிறி. அவற்றுக்கு நடுவில் ஐந்து பிள்ளைகள்.

"சேர், அஜந்தா அன்ரி ரூமைப் பூட்டிட்டா."

"ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"உள்ள வரவேணாமெண்டவா."

அஜந்தா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்து மடியில் கிடந்தது. அழுது முடித்த முகம்.

"அஜந்தா..."

"வாங்க அத்தான். ஆள் அனுப்பப் போறனெண்டு சொன்னீங்க. என்னத்துக்கு வீண் வேலை எண்டு நானே பூட்டிட்டன். இந்தாங்க சாவி. எண்ணிப் பாருங்க."

"நான் உன்னைக் குத்தம் சொல்லல்ல. நானும் பார்த்திரிக்கன் எண்டுதான்..."

"நீங்க பார்த்தீங்க. பார்த்திட்டு உள்ள போய் உங்கட ஓட்டு வீட்டுக்குள்ள படுத்தீங்க. எனக்கு எங்க போறதெண்டு தெரியல்ல. காலம நீங்க என்ட முகத்தைப் பார்த்து என்ன சொன்னீங்க?"

அவன் சாவியை வாங்கவில்லை.

"சொல்லுங்களன். மேடையில வாய் நிறைய வந்திச்சே."

"சொல்ல மாட்டன் எண்டன்."

"அத்தான், நீங்க அக்காவைக் கட்டி இந்த வளவுக்கு வந்த நாளில இருந்து உங்களை நான் அண்ணனாத்தான் நினைச்சன். எங்களுக்கு ஆம்பிளைச் சகோதரம் இல்ல. என்ட மனிசன் போனபோது கூட நான் பயப்படல்ல. அத்தான் இரிக்கார்தானே எண்டு இருந்தன்." அவள் எழுந்தாள். "அந்த யோகராசா ஒரு நாளும் எனக்கு ஒரு பச்சைத் தண்ணி தந்ததில்ல. இண்டைக்கு அவர்தான் என்னைப் பத்தி மரியாதையாக் கதைச்சார்."

படலையில் ஆட்டோ வந்து நின்றது. யசோதினி இறங்கினாள். பைகளைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். கணவனைக் கடைசியாகப் பார்த்தாள்.

"புள்ளையள், சாமானை எடுங்க. உள்ள வாங்க."

"எங்க அன்ரி?"

"என்ட வீட்டுக்கு. வாங்க. இருட்டப் போகுது."

"அக்கா, அதுகளை நீ எடுத்தா ஊர் என்ன சொல்லும்? நான் விரட்டினவள், நீ புண்ணியவதி, அப்பிடித்தானே?"

"நீ வாயை மூடு, அஜந்தா. உனக்கு மறுகா சொல்றன்." யசோதினியின் குரல் உயரவில்லை. "சர்மிலாட அப்பா வெளிக்கிட்டிட்டார். அந்தப் புள்ளை இனிப் படிக்க வராது. உன்ட பொய்யால, இவர்ட உண்மையால. ரெண்டு பேரும் சேர்ந்து செய்தீங்க."

அஜந்தா திரும்பவும் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

விஜிதரனுக்கு அது அப்போதுதான் தெரியும். "வாறாரா? எப்ப? நான் அவரோட கதைக்கிறன். நான் விளங்கப்படுத்துறன், யசோ."

"ஓம். நீங்க நல்லா விளங்கப்படுத்துவீங்க."

அவள் உள்ளே போனாள். அவன் பின்னால் போனான். பிள்ளைகள் பெட்டிகளை விறாந்தையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய எழுத்து மேசையும், கேத்தில் படம் போட்ட சுவரொட்டிக் கட்டுகளும் கிடந்த அறையை யசோதினி ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தாள். சுவரொட்டிக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

"மூண்டு பேர் இஞ்ச. ரெண்டு பேர் என்னோட அறையில. நீங்க சித்தாண்டிக்குப் போங்க."

அவன் கேட்டது சரிதானா என்று அவளைப் பார்த்தான்.

"உங்கட அக்கா வீட்ட போங்க. கொஞ்ச நாளைக்கு."

"தேர்தல் ரெண்டு கிழமையில, யசோ. மேயருக்கு நிக்கிறவன் பட்டினத்தை விட்டுப் போய் சித்தாண்டியில படுத்தா..."

"இது என்ட அம்மா தந்த வீடு. இதில ஆரை வைக்கிறதெண்டு நான்தான் சொல்லணும். இவ்வளவு காலமும் நான் அப்பிடிச் சொன்னதில்ல. இண்டைக்குச் சொல்றன்."

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். ஆண் மனைவியின் வாசலுக்கு வருவான். விஜிதரன் பிறந்த சித்தாண்டி வீடு அவனுடைய அக்காவுக்குப் போய், இப்போது அக்காவின் மகளுக்கும் எழுதியாகிவிட்டது. போன மாதம் அங்கே மருமகன் வந்து இறங்கினான். அதை யசோதினியும் அறிவாள். கலியாணத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

"நான் செய்தது பிழையா?" என்று கேட்டான்.

அவள் தலையணை உறையொன்றை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவதை நிறுத்தினாள். நிசமாகவே யோசித்தாள். அவனுக்கு அவளைப் பற்றிப் பிடித்ததே இதுதான். எதைக் கேட்டாலும் யோசிப்பாள்.

"தெரியாது. பிழையெண்டா எனக்கு உங்களோட கோவிக்கலாம். சரியெண்டா உங்களோட நிக்கலாம். எனக்கு ரெண்டும் வருகுதில்ல. உங்களைப் பார்க்கத்தான் ஏலாம இரிக்கி."

அவன் இரண்டு சேட்டையும் சவர சாமானையும் ஒரு பையில் போட்டான். வேறு என்ன எடுப்பதென்று தெரியவில்லை. விறாந்தையில் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, "சேர், எங்களால..." என்று தொடங்கினாள்.

"இல்லம்மா. நீங்க சாப்பிட்டிட்டு இருந்து படியுங்க."

வெளியே அஜந்தா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் குரலைத் தாழ்த்தவில்லை. கூட்டினாள்.

"ஓம் அண்ணன். என்ட வளவில வையுங்க. கதிரை நீங்க கொண்டு வாங்க. பொம்பிளையள் எல்லாரையும் நான் கூப்பிடுறன். ஓம், நானே கதைக்கிறன்." வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "நாளைக்குப் பின்னேரம் யோகராசா அண்ணன்ட கூட்டம். இந்தப் படிக்குக் கீழதான். உங்கட யன்னலுக்கு நேர தெரியும்."

பிறின்ஸ் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பையைப் பார்த்து, அதை வாங்கி முன்னால் மாட்டினான். அவனும் வாழைச்சேனைக்குப் போகாத நாட்களில் கடைக்குள்ளேதான் படுப்பான்.

"எங்க சேர் போவம்?"

விஜிதரன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். எதிர் மதிலில் அவனுடைய முகம் ஒட்டியிருந்தது. காற்று ஒரு மூலையைக் கிளப்பி அடித்துக்கொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். பின்னணியில் பஸ் நிலையத்துச் சத்தம்.

"மேயருக்கு நிக்கிற சேரா?"

"ஓம். ஆர் கதைக்கிறீங்க?"

"நான் சர்மிலாட தகப்பன். இப்ப வவுனியாவில நிக்கிறன். விடிய அங்க வந்திருவன்." அமைதியான குரல். யசோதினி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பயந்த அதே குரல். "முதல்ல உங்களைத்தான் பார்க்க வேணும். ஒரு கேள்வி கேக்க வேணும். கனக்க நேரம் எடுக்க மாட்டன். புள்ளை இருந்த வீட்டை மட்டும்தான் எனக்குத் தெரியும். நீங்க எங்க தங்கி இருக்கிறீங்க?"

பிறின்ஸ் உதைக்கத் தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

"ஹலோ? சேர்? உங்கட வீடு எங்க எண்டு சொல்லுங்க."